மிதந்தால் நுரையீரல்

நள்ளிரவுக்குப் பின் தண்ணீரும் கூடாது என்றிருந்தார்கள்.
முனீர்க்காவில் காலை ஆறரை, டிசம்பர்,
எதிர்வீட்டு மாடி இல்லாமல் போயிருந்தது மூட்டத்தில்.
ஆட்டோக்காரர் இருமினார். நானும் இருமினேன்.
கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு
மப்ளரை மூக்குவரை ஏற்றிக்கொண்டார்.

ஐந்து மாதம் காசநோய் மாத்திரை தின்றவள் நான்.
சிறுநீர் ஆரஞ்சாயிற்று, எடை போயிற்று,
இருமல் போகவில்லை.
சளியில் ஒருமுறைகூடக் கிருமி அகப்படவில்லை,
எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னதுதான்.
ஜெபக்கனி என் டம்ளரின் அடியில்
சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாள்.
"தப்பா எடுத்துக்காத அலர்" என்றாள்.
யாரும் தப்பாக எடுத்துவிடக் கூடாதென்றுதானே பொட்டு.

ஓக்லாவில், தமிழுக்கு ஐந்தை அழுத்தினால்
வருகிறவள் நான்.
பாலிசி எண் கேட்பேன். இருமல் முட்டினால் மியூட்.
அந்தப் பக்கம் போடியோ பரமக்குடியோ,
"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"
இருக்கேன் சார்.
இருக்கேன்.

"அல்ரமேலு" என்று கூப்பிட்டார் நர்ஸ் லால்ரின்புயி.
அவர் பெயரை நான் சொன்ன அழகுக்கு
அது எவ்வளவோ தேவலை.

தொண்டையில் மருந்தைப் பீய்ச்சினார்கள். கசப்பு.
பிறகு கசப்பும் மரத்தது.
விழுங்கச் சொன்னார்கள், விழுங்கினேன்,
யாருடைய எச்சிலையோ.
மூக்கு வழியே கறுப்புக் குழாய்,
பென்சில் கனம், முனையில் விளக்கு.
மயக்கம் பாதிதான். மீதிப் பாதியில் திரையைப் பார்த்தேன்.
வளையம் வளையமாக ஈரச் சுரங்கம்.
இரண்டாகப் பிரியுமிடத்தில் விளக்கு கொஞ்சம் நின்றது,
ராஜீவ் சௌக்கில் ரயில் மாறத் தெரியாதவர் நிற்பது மாதிரி.
பிறகு வலப்பக்கம்.

சுவரெங்கும் ஜவ்வரிசி.
காயாத வடாம் போல வெள்ளை வெள்ளையாக.
டாக்டர் சுக்மணி "ம்" என்றார்.
அவ்வளவு நீளமான "ம்" நான் கேட்டதில்லை.

உப்புநீர் ஊற்றினார்கள்,
மூச்சு இருக்க வேண்டிய இடத்தில்.
கட்டிலில் படுத்தபடியே மூழ்கினேன்.
நூறு போய் நாற்பத்தைந்து திரும்பியது, நுரையோடு.
மீதி யார் கணக்கில் என்று கேட்க வாய் இல்லை.

பிறகு கிடுக்கி, எறும்பின் வாயளவு.
"கோலோ." "பந்த்."
திற, மூடு. ஆறு முறை.
வலியென்று சொல்ல முடியாது.
கிளிப்பை எடுக்காமல் கொடித்துணியை உருவினால்
வருமே, அந்த வெடுக்.
புட்டியில் என் குருணைகள்.
மிதக்கிறதா என்று இந்தியில் கேட்டார் டாக்டர்.
மிதக்கிறது என்றது ஒரு குரல்.
மிதந்தால் நுரையீரல், உள்ளே காற்று இருக்குமாம்.
முழுகினால் வெறும் சதையாக இருக்கலாம்.
அத்தனை துணுக்கிலும்
காற்று வைத்திருந்திருக்கிறேன் நான்,
மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறவள்.

எட்டு நாள் கழித்துப் பெயர் வந்தது. சார்க்காய்டோசிஸ்.
கிருமி இல்லை. கூடிக்கூடி நிற்கும் அணுக்கள்,
சின்னச் சின்ன முடிச்சுகளாக.
மருந்துச் சீட்டின் பின்னால் வரைந்து காட்டினார்,
வட்டமாகக் கைகோத்து நிற்கின்றன,
நடுவில் யாருமில்லை.
பஸ்ஸில் தினமும் கடக்கிற வெள்ளைப் பங்களா ஞாபகம் வந்தது.
உள்ளே இருந்தவர் காலிசெய்து எத்தனையோ மாதம்,
வாசலில் இன்னும் துப்பாக்கியோடு நாலு பேர்.

"யாருக்கும் ஒட்டாதே?"
மூன்று தரம் கேட்டேன்.
ஒட்டாது. ஒட்டாது. ஒட்டாது.

ஸ்டீராய்டில் என் முகம் பூரியாக உப்பிவிட்டது.
படி ஏறுகிறேன், இரண்டாம் மாடிவரை நிற்காமல்.
நேற்று ஜெபக்கனி பஞ்சும் ரிமூவருமாக வந்து
டம்ளரைக் கவிழ்த்துத் தேய்த்தாள்.
பொட்டு போயிற்று, ரோஸில் ஒரு கறை இருக்கிறது.
கழுவி, அதிலேயே டீ ஊற்றி,
அவளே குடித்தாள்,
நான் பார்க்கிறேனா என்று
பார்த்துக்கொண்டே.